நீலக் கைலிக்குச் சொந்தக்காரத் தம்பிக்கும், மற்ற எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, மூன்று வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஏரல் பக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பி திருநெல்வேலிக்குப் போய் வருவோம். 2023 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போய் வந்தோம். 17ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதே மழை வலுத்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகுதான் தெரிந்தது. திங்கள் விடியுமுன் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

மாடி வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, "தம்பிய மொதல்ல ஏத்துவோம்" என்று தோள் கொடுத்தீர்கள். டயாலிசிஸ் ஊசி போடுகிற இடது கையை அழுத்திப் பிடிக்கக் கூடாது என்று எப்போதோ நான் சொன்னதை, அந்த இருட்டிலும் நினைவு வைத்திருந்தீர்கள்.

அன்றைக்கு டயாலிசிஸ் போக வழியில்லை. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் வெள்ளம், அவருக்கோ குடிக்கிற தண்ணீர் அளவுதான். டயாலிசிஸ் தவறினால் அதையும் குறைக்க வேண்டும். இருமல் மருந்து மூடியால் அளந்து கொடுத்தேன். "இன்னும் ஒரு மூடி குடுட்டி" என்று அவர் கேட்க, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா வீட்டில் கைக்கு எட்டியது ஒரு வாழைத்தார். பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து என்பதால் அவர் பழத்தைத் தொடக் கூடாது. நாங்கள் எல்லோரும் பழத்தைத் தின்று பசியாற, இருந்த கொஞ்ச அரிசியை உப்பில்லாமல் வடித்து அவருக்கென்று எடுத்து வைத்தீர்கள், அக்கா.

செவ்வாய் ராத்திரி அவருக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்காரவைத்து முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் "அவரைப் பூரண சுகமாக்கும்" என்றுதான் ஜெபித்திருக்கிறேன். அன்று அவ்வளவு பெரிய ஜெபம் வாயில் வரவில்லை. "விடியும்வரை, ஆண்டவரே" என்று மட்டும் கேட்டேன். விடிந்ததும் "மத்தியானம் வரை" என்றேன். பரமண்டல ஜெபத்தில் 'அன்றன்றுள்ள ஆகாரத்தை' என்று சிறு வயதிலிருந்து சொல்லி வருகிறேன். அந்த 'அன்றன்று' என்ன என்பது மூடியில் தண்ணீர் அளந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. நாளைக்கு வேண்டிய தைரியம் அன்று என்னிடம் இல்லவே இல்லை. அன்றைக்கு வேண்டியது இருந்தது. பக்கத்தில் அக்கா, தான் கும்பிடுகிற ஏரல் சேர்மன் சாமிக்கு நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமே கண் மூடவில்லை.

புதன்கிழமை காலை வள்ளம் வந்தது. கடற்கரையிலிருந்து அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த தம்பிகளே, உங்கள் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இழுத்த இடத்தில் மூன்று பேர் குதித்து, கழுத்தளவு வெள்ளத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தீர்கள். இழுக்க இழுக்க "அருள் நிறைந்த மரியே" சொன்னீர்கள். நான் சி.எஸ்.ஐ. சபை; அந்த ஜெபம் எனக்கு முழுதாக வராது. நீங்கள் ஆமென் சொன்ன ஒவ்வொரு தடவையும் நானும் சொன்னேன்.

மேட்டில் காத்திருந்து ஏற்றிப்போன டிராக்டர் அண்ணன் பணம் வாங்க மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்த சிஸ்டர், தன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று அவருக்கு மெஷின் போட்டார். மெஷின் ஓட ஓட அவருடைய மூச்சு இறங்கி சீரானதை நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தது. எங்களுக்கு டயாலிசிஸ் நாள். சேறு நிறைந்த கோயிலை வாலிபப் பிள்ளைகள் கழுவிவிட்டதால் விடியற்கால ஆராதனை தவறாமல் நடந்தது. அது முடிந்த கையோடு எங்கள் சபைப் போதகர் ஐயர் ஆஸ்பத்திரிக்கே வந்து கட்டிலருகே ஜெபித்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார், தங்கள் அடுப்படிகளே பாழாகிக் கிடக்கும்போது, உப்பு குறைத்துப் பொங்கிய சோறு கொடுத்துவிட்டார்கள்.

வள்ளத்தில் அவர் குளிரில் நடுங்கியபோது ஒரு தம்பி பையிலிருந்து மாற்றுக் கைலியை எடுத்துப் போர்த்திவிட்டீர்களே, நீலக் கட்டம் போட்டது, ஓரத்தில் பெட்ரோல் கறை. இரண்டு தடவை துவைத்தும் கறை போகவில்லை. மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.