கயல்விழிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்விழிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறோம். தலை ஆடிக்கு உங்களை அழைத்து வர எண்ணியிருந்தோம். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை என்று நீ சொன்னதால், ஆடிச் சீரை யார் மூலம் புனேவுக்கு அனுப்புவது என்று உன் அம்மா அத்தையோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த விவரமெல்லாம் அவளே சொல்வாள். நான் எழுத வந்தது வேறு.

தையில் நீ புறப்பட்டபோது, உன் பெருங்குடல் புண் நோய்க்காக (அல்சரேட்டிவ் கொலைடிஸ்) பெட்டியில் நான் வைத்துக் கொடுத்த மெசலமைன் மாத்திரை, நாளுக்கு இரண்டு மாத்திரை என்ற கணக்கில், சித்திரை வரைக்கும்தான் வரும். பங்குனியில் அடுத்ததை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, ‘இருக்கிறதுப்பா’ என்றாய். வைகாசியிலும் அதையே சொன்னாய். இப்போது ஆடி பிறந்துவிட்டது. அங்கேயே ஒரு நல்ல கடையில் வாங்கிக்கொள்கிறாய் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், அப்படியானால் மகிழ்ச்சி. ஆனாலும் பணிக்காலம் முழுவதும் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தவனுக்குக் கணக்கு உதைத்தால் உறக்கம் வராது.

ரத்தம் நின்று, வயிறு அடங்கி, உடம்பும் தேறிவிட்ட பிறகு மாத்திரை எதற்கு என்று யாருக்கும் தோன்றும். மருந்து கொடுக்கும் சன்னலில் அப்படிச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உன் நோயில் அந்த எண்ணம்தான் ஆபத்து. பெருங்குடலின் உட்சுவரில் அழற்சி அடங்கியிருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரைதான். நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் சிகாகோ மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். நீ அப்படிப்பட்டவள் என்று நான் சொல்லவில்லை. முதுநிலைத் தேர்வின்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே மூன்று மணி நேரமும் எழுதி முடித்து, வெளியே வந்ததும் என்னிடம் மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டவள் நீ. அந்தப் பெண்ணுக்கு நான் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் நோயைப் பற்றி நீயே வெளிப்படையாகச் சொன்னாய். அந்தத் துணிவு எனக்கு வந்திருக்காது. ஆனால் சம்பந்தியம்மாவுக்கு இன்னும் தெரியாது என்று அத்தை சொல்லித்தான் உன் அம்மாவுக்கே தெரிந்தது. எங்களிடம் சொல்லாததை அத்தையிடம் சொல்கிறாய். போகட்டும். ஒரே குளியலறையை எல்லோரும் பயன்படுத்தும் வீட்டில், ஆசனவாயில் வைக்கும் மருந்தை இரவில் வைத்துக்கொண்டு இடப்பக்கமாகப் படுத்திருப்பது புது மருமகளுக்கு எளிதல்ல என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதையும் வாய்வழி மாத்திரையையும் சேர்த்து எடுப்பதுதான் கூடுதல் பலன் தரும். ஆனாலும் முடியாத நிலை இருந்தால் மருத்துவரிடம் அப்படியே சொல், அவர் வேறு வழி பார்ப்பார். நீயாக இரண்டையும் விட்டுவிடாதே. 1.2 கிராம் மாத்திரை இரண்டையும் காலைச் சிற்றுண்டியோடு ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளலாம், வேளைக்கு ஒன்றாகப் பிரித்து யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. பெரிய மாத்திரையைப் பாதியாகக் கிள்ளி விழுங்குவது உன் பழக்கம். இதில் அது கூடவே கூடாது. இரைப்பையைக் கடந்து, காரத்தன்மை கூடும் சிறுகுடலின் கடைப்பகுதிக்குப் போன பிறகே கரையும்படி அதன் மேலுறையைச் செய்திருக்கிறார்கள். உடைத்தால் மருந்து மேலேயே உறிஞ்சப்பட்டு, புண் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. முழு மாத்திரையே மலத்தில் அடிக்கடி கண்ணில் பட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் பேசும்போது, முதுகு வலிக்குச் சம்பந்தியம்மா ஒரு மாத்திரை கொடுத்தார்கள், உடனே கேட்டது என்று சாதாரணமாகச் சொன்னாய். அது டைக்ளோஃபெனாக்கா, ஐபுப்ரோஃபெனா? பெயரை எழுது. அவையும் அழற்சியைக் குறைக்கும் மருந்துகள்தான். ஆனால் மூட்டுக்கும் முதுகுக்கும் இதம் தரும் அதே மாத்திரை உன் குடலில் அடங்கியிருக்கும் புண்ணைக் கிளறிவிடக்கூடும், மெசலமைனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் போதும். பெரியவர்கள் அன்பாகக் கொடுப்பதை மறுக்க முடியவில்லை என்றால், வாங்கி வைத்துக்கொள், விழுங்காதே.

இனி எழுதப்போவதை உன் அம்மாதான் எழுதியிருக்க வேண்டும். அவளோ, மருந்துக்காரர் நீங்களே எழுதுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டாள். வீட்டில் ஒரு நல்ல செய்தியை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அந்த எண்ணத்தில், மருந்து குழந்தையைப் பாதிக்குமோ என்று அஞ்சி யாராவது நிறுத்தச் சொல்லியிருந்தால், அல்லது உனக்கே அப்படித் தோன்றியிருந்தால், தயவுசெய்து கேள். கருத்தரிக்கும் காலத்திலும் கர்ப்பத்திலும் மெசலமைனைத் தொடரலாம் என்றுதான் குடல்நோய் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழந்தை குறைமாதத்தில் பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் கர்ப்பத்தில் நோய் சீறிக்கொண்டிருந்தால்தான் கூடுகின்றன. சில தயாரிப்புகளின் மேலுறையில் தாலேட் என்ற பொருளைச் சேர்த்திருந்தார்கள், ஆகவே எந்தத் தயாரிப்பு என்பதை மட்டும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள். நீ முதலில் சாப்பிட்டாயே சல்ஃபாசலசின், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போய் உன் அம்மா பதறினாளே, அதில்தான் ஃபோலிக் அமிலம் கூடுதலாகத் தேவைப்படும். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற அம்மையார் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய மருந்து அது. குடல் புண்ணுக்குக் கேட்டது அதன் ஒரு பாதி மட்டுமே என்று 1977இல் ஆசாத் கான், ட்ரூலவ் என்ற மருத்துவர்கள் காட்டிய பிறகுதான், உனக்குத் தலைவலியும் குமட்டலும் தந்த சல்ஃபா பாதியை விலக்கிய மெசலமைன் வந்தது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இது நேற்று வந்த மருந்தல்ல, பயப்பட வேண்டாம் என்பதற்காக.

கவனிக்க வேண்டியது சிறுநீரகத்தை. அரிதாக இந்த மருந்து அதைப் பாதிக்கும், தொடக்கத்தில் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரும் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு அறிக்கை என்னிடம் இருக்கிறது, இந்த ஆண்டுக்கானது இன்னும் வரவில்லை. தண்ணீர் நிறையக் குடி. அலுவலகத்தில் கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பாய், எனக்குத் தெரியும்.

இடைவெளி விட்டு மறுபடி தொடங்க வேண்டிய நிலை யாருக்கேனும் வந்தால், மருத்துவரிடம் அந்த இடைவெளியை மறைக்காமல் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ரத்தப்போக்கு என்று நோயைப் போலவே காட்டும். அப்போது நிறுத்திவிட்டு உடனே அவரைக் கேட்க வேண்டும். நெஞ்சுவலி வந்தாலும் அப்படித்தான். நாளுக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நாடித்துடிப்பு 90க்கு மேலோ இருந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போ. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லி வை. அவரிடம் நான் நேரடியாகச் சொன்னால் உனக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை கூரியரில் மூன்று மாத மாத்திரைகளை அனுப்பப் போகிறேன். உன்னிடம் ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும், காலாவதி தேதி தள்ளித்தான் இருக்கிறது. வீட்டு முகவரிக்கு வேண்டாம் என்றால் உன் அலுவலக முகவரியை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, காரணம் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா