கை மரத்துப்போகிற சங்கதி

அம்மணி,

நேற்று போனில், என் சைக்கிளுக்கு நீ அனுப்பிய ரப்பர் வைத்த ஸ்டெம்மைப் பற்றி "அது எப்படிப்பா இருக்கு, நானும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கட்டுமா"ன்னு கேட்டாய். உங்கம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் "நல்லா இருக்கு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவள் முன்னால் பேச முடியாத விஷயம் கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ வந்திருந்தபோது ஒரு காலையில் டீ டம்ளரைக் கீழே போட்டேனே, கை வழுக்கிவிட்டது என்றேன். வழுக்கவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் டம்ளர் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பேரூர் தாண்டி ஆலாந்துறை வரை சைக்கிளில் போய்த் திரும்பும் நாளெல்லாம் அப்படித்தான் இருந்தது, சட்டைப் பட்டன் போடக்கூட நேரம் பிடித்தது. அப்புறம் டாக்டரிடம் போனேன், உங்கம்மாவிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி, ஒரு நரம்பு குறுகலான சந்துக்குள் நுழைந்து போகிறதாம். ஹேண்டில்பாரில் உடம்பைச் சாய்த்து அதை அழுத்திக்கொண்டே, ரோட்டின் அதிர்வையும் மணிக்கணக்கில் கொடுத்தால் இப்படி ஆகும், சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வருகிறதுதான் என்றார். சைக்கிளை விடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. கையில் எடையைப் போடாதீங்க, அடிக்கடி பிடியை மாத்துங்க என்றார், அவ்வளவுதான்.

நீ ஸ்டெம் அனுப்பியது இது எதுவும் தெரியாமல். "ரோடு மோசம்"னு நான் புலம்பியதைக் கேட்டு அனுப்பினாய். விலையைச் சொல்லாமல் மறைத்தாலும் நான் பார்த்துவிட்டேன், அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

பெட்டியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மில்லில் மோட்டாரையும் மெஷினையும் இணைக்கிற கப்ளிங்கில் ரப்பர் புஷ் போடுவோமே, மோட்டாரின் உதறல் மெஷினுக்குப் போகாமல் இருக்க, அதே புத்திதான். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் தண்டையும் ஹேண்டில்பாரையும் இணைக்கிற சின்னக் கைதான் ஸ்டெம், சாதாரண சைக்கிளில் அது ஒரே இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். இதில் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு கீல், உள்ளே இரண்டு ரப்பர்த் துண்டு. பள்ளத்தில் அடி விழும்போது ஹேண்டில்பார் கீழே தணிந்து மறுபடி மேலே வந்துவிடுகிறது. தணிவது அதிகபட்சம் 20 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்தான். அதுவும் கீழ்நோக்கி மட்டும். மேலே இழுத்தால் அசையாது. புதுசு என்று நினைக்காதே, எண்பதுகளின் கடைசியிலேயே அமெரிக்காவில் கிர்வின் என்பவரின் ஃப்ளெக்ஸ்ஸ்டெம் மலைச் சைக்கிள்களில் வந்துவிட்டது.

மாட்டுவது பெரிய வேலை இல்லை, ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் பழைய ஸ்டெம்மின் நீளத்தை அளந்துகொள், தண்டின் நடுவிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரைக்கும். எனக்கு 90 மில்லிமீட்டர். அதே நீளத்தில்தான் வாங்கவேண்டும், இல்லையென்றால் உட்காரும் விதமே மாறி இடுப்புக்கு வேறு வலி வரும். ஹேண்டில்பாரின் பருமன் இப்போதைய சைக்கிள்களில் பெரும்பாலும் 31.8 மில்லிமீட்டர், உன்னுடையது பழசாக இருந்தால் குறைவாக இருக்கலாம், அப்போது இடையில் ஒரு தகடு வளையம் போடவேண்டும். இந்த ஸ்டெம் பழையதைவிட உயரமாக இருந்தால், தண்டில் அதற்குக் கீழே உள்ள வளையம் ஒன்றை எடுத்து ஈடுகட்டு. தண்டின் வாய் ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டராவது உள்ளே இருக்கவேண்டும். மேல் மூடி போல்ட்டை முதலில் முறுக்கி ஆட்டத்தை எடுத்துவிட்டு, ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, அதற்குப் பிறகுதான் பக்கத்து போல்ட்களை முறுக்கவேண்டும். இங்கே கைக்கணக்கு வேண்டாம், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கு. முப்பது வருஷம் கைக்கணக்கில் போல்ட் முறுக்கியவன் சொல்கிறேன்.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. மாட்டி முடித்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தது. மூடியை இன்னும் முறுக்கினேன், அப்படியும் இருந்தது, இன்னும் முறுக்கினேன், கடைசியில் ஹேண்டில் திரும்பவே மாட்டேன் என்கிறது. அரைமணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஆடியது தண்டு இல்லை, ரப்பர். இந்த ஸ்டெம் போட்ட சைக்கிளில் ஹேண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பொய்தான் சொல்லும். ஃபோர்க்கும் ஃபிரேமும் சேருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆட்டு, அங்கே அசைவு தெரிந்தால்தான் அது நிஜமான ஆட்டம்.

ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் பல கடினத்தில் துண்டுகள் வரும், ஓட்டுபவர் எடைக்கு ஏற்ற ஜோடி எது என்று அட்டவணையும் இருக்கும். என் 72 கிலோவுக்கு அது சொன்னதைப் போட்டேன், நம் ரோட்டுக்கு அது போதவில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்' என்று அடியில் போய்த் தட்டியது. அடுத்த கடினத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. உனக்கு எடை குறைவு, மென்மையான ரப்பர் போதும் என்று தோன்றும். ஆனால் உன்னுடையது வளைந்த ஹேண்டில், பிரேக் லீவரின் தலையைப் பிடித்து ஓட்டுகிறாய், கை கீலிலிருந்து தள்ளி இருக்கிறது. கடப்பாரையின் நுனியைப் பிடிப்பது மாதிரி, அதே எடைக்கு அதிகமாகத் தணியும். ஆகவே இரண்டு மூன்று ஜோடி மாற்றிப் பார்க்காமல் நல்லாயில்லை என்று கழற்றி வைத்துவிடாதே.

இனி, எப்படி இருக்கிறது என்று கேட்டாயே. முதல் நாள் ஒன்றுமே தெரியவில்லை, உண்மையாகவே ஏமாற்றமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த பழைய சைக்கிள் போல மெத்து மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் கவனித்தேன், சாவி விரலில் தெரிகிறது. தார் பெயர்ந்து ஜல்லி நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் கைக்கு ஏறுகிற அந்த 'டர்ர்ர்' பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வேகத்தடையில் கொஞ்சம் உதவி. பெரிய பள்ளத்துக்கு ஒன்றும் செய்யாது, செய்யவும் முடியாது, ஏனென்றால் சக்கரம் குதிப்பது குதித்துக்கொண்டுதான் இருக்கிறது, அது கைக்கு வந்து சேராமல் நடுவில் தடுக்கிறது, அவ்வளவுதான். மருதமலை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ஹேண்டில் லேசாக அமுங்குவது தெரியும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது மறந்துவிட்டது.

மரத்துப்போவது முழுவதும் போகவில்லை, ஆனால் டம்ளர் இப்போது விழுவதில்லை. அந்தக் குறைவில் எவ்வளவு ஸ்டெம்மால், எவ்வளவு நான் ஹேண்டிலை ஒரு அங்குலம் உயர்த்தியதால், எவ்வளவு டயரில் காற்றைக் குறைத்ததால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

நான் சொல்ல வந்ததே இதுதான் கண்ணு. பெல்ஜியத்தில் கென்ட் ஊரில் நீ தினமும் கல் பாவிய தெருக்களில் ஓட்டுகிறாய், அந்தக் கல்லுக்கு உங்கள் ஊரில் குழந்தைத் தலை என்று பெயர் என்றாயே, பெயரைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தத் தெருக்கள் பிடிக்கவே இல்லை. ஸ்டெம் வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதைக் கடைசியில் வாங்கு. முதலில் டயரைப் பார். உன் ஃபிரேமில் எவ்வளவு அகல டயர் நுழையுமோ அவ்வளவு அகலம் போடு, காற்றைக் கல்லு மாதிரி அடிக்காதே. 1992, 93 இரண்டு வருஷமும், கல் பாவிய ரோட்டில் நடக்கும் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தில் டுக்லோ-லசால் ஜெயித்தது ராக்‌ஷாக்ஸ் ஸ்பிரிங் ஃபோர்க் போட்ட சைக்கிளில். அடுத்த வருஷம் ஜெயித்த ச்மில்லும் அதையேதான் போட்டார். அப்புறம் அந்த ஃபோர்க்கை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள், இன்று அதே கல்லில் 30, 32 மில்லிமீட்டர் அகல டயரில் போகிறார்கள். காற்றடைத்த டயர் பிரபலமானதே இந்தக் குலுக்கலால்தான், பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் ரோட்டில் தடதடவென்று போவதைப் பார்த்துச் செய்து கொடுத்து, 1888-இல் காப்புரிமையும் வாங்கினார்.

இரண்டாவது, சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பார். சாய்ந்திருந்தால் நீ வழுக்கி வழுக்கிக் கையால்தான் உன்னைத் தாங்கிக்கொண்டிருப்பாய், அதற்கு எந்த ஸ்டெம்மும் உதவாது. மூன்றாவது, ஹேண்டில் உயரம். இதெல்லாம் சரி செய்தும் உள்ளங்கை எரிந்தால் ஸ்டெம். ஸ்பிரிங் ஃபோர்க் போட்ட புது சைக்கிள் வாங்கலாமா என்றும் கேட்டாய். வேண்டாம், ஒன்று ஒன்றரை கிலோ கூடும், எண்ணெய், சீல் என்று பராமரிப்பு தனி. உன் மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீதான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல். உனக்கு வலிக்கிறதா, மரத்துப்போகிறதா? வலி என்றால் பரவாயில்லை. மரத்துப்போகிறது என்றால், அதுவும் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் சரியாகவில்லை என்றால், கடைக்குப் போகாமல் முதலில் டாக்டரிடம் போ. நான் ஆறு மாதம் கழித்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெம்மையும் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடு. உங்கம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் போடுகிறாள். இந்தக் கடிதத்தில் ரேஷன் கடை வருகிறது, அதனால் அவளிடம் படித்துக் காட்டாதே.

அப்பா