2025 ஆண்டறிக்கை: வாட்கின்ஸ் க்ளென் கார் பந்தயத் தடத்துக்கு இரண்டு பயணங்கள்

நண்பர்களே, வணக்கம்.

பொங்கல் கூட்டத்தில் படிக்க வேண்டிய அறிக்கை இது. சாப்பாடு, குழந்தைகள் நிகழ்ச்சி என்று அன்றைக்கு நேரமே இருக்காது, அதனால் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறேன். கூட்டத்தில் கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்வோம்.

முதலில் வழக்கமான விஷயங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 19 குடும்பங்களாக இருந்தோம், இப்போது 26. செயற்குழு ஐந்து முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வைப்பார். ஜூன் பயணத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்த வேன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததில் பந்தயம் தொடங்குவதையே நாம் பார்க்க முடியாமல் போய்விட்டது. குழந்தைகளோடு வந்தவர்கள் ரொம்பவே வருத்தப்பட்டார்கள். ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் முந்தின நாள் இரவே வண்டியை எடுத்துவந்து வாசலில் நிறுத்திவிடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

சரி, இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் நாஸ்கார் (ஸ்டாக் கார் பந்தயம்) பயணத்தை விட்டுவிடலாம், ஜூனில் இம்சா (ஸ்போர்ட்ஸ் கார்) ஆறு மணி நேரப் பந்தயம் மட்டும் போதும் என்று ஏப்ரலில் ஒரு தீர்மானம் வந்தது. ஸ்டாக் கார், அதாவது சாதாரணக் காரின் உருவில் கட்டிய பந்தயக் கார், என்றால் முட்டை வடிவ ஓவல் தடத்தில் இடப்பக்கமாகவே சுற்றுவது, வளைந்து நெளிந்து போகிற ரோடு கோர்ஸுக்கென்றே ஸ்போர்ட்ஸ் கார்கள் இருக்கும்போது அந்தக் கனத்த வண்டிகள் திணறுவதை ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அதைக் கொண்டுவந்தவர்களின் வாதம். நானும் அன்று அந்தப் பக்கம்தான் கை தூக்கினேன். தீர்மானம் இரண்டு ஓட்டில் தோற்றது. அது தோற்றது நல்லது என்று இப்போது நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

ஜூனில் நாம் பார்த்தது அருமையான பந்தயம், அதில் சந்தேகமே இல்லை. இம்சாவின் அதிவேகப் பிரிவான ஜிடிபி கார்கள் குறைந்தபட்சம் 1,030 கிலோ, ஹைப்ரிட் வேறு. பிட்டிலிருந்து (டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடம்) மின்மோட்டாரில் ஓசையில்லாமல் நகர்ந்து, கொஞ்ச தூரம் போனபிறகு இன்ஜின் திடீரென்று உறுமத் தொடங்கும். தடத்தின் கூடுதல் பகுதியான 'பூட்'டின் சரிவில் ஒரு ஜிடிபி கார் மெதுவான பிரிவைச் சேர்ந்த இரண்டு ஜிடிடி கார்களுக்கு நடுவே புகுந்து போனதைப் பார்த்தோமே, அந்த நெரிசலைப் பிரித்துக்கொண்டு போவதுதான் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநரின் பாதி வேலை. ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள், அடுத்தவருக்கு முழுசாக ஒப்படைக்க வேண்டும், இடித்தால் தண்டனை.

ஆகஸ்ட் 10 அன்று அதே தடம் வேறு ஊர் மாதிரி இருந்தது. நாஸ்கார் 'பூட்' பகுதிக்குள் போவதில்லை, 2.45 மைல் குறுகிய தடத்தில் 90 சுற்று. நாம் உட்கார்ந்திருந்தது 'பஸ் ஸ்டாப்' சிக்கேன் (வேகத்தைக் குறைக்கும் நெளிவான திருப்பம்) பக்கம். 1991-ல் நாஸ்கார் ஓட்டுநர் ஜே.டி. மெக்டஃபி ஐந்தாம் வளைவில் உயிரிழந்த பிறகு, வேகத்தைக் குறைக்கத்தான் அதைக் கட்டினார்கள். அங்கே ஒரு கப் (நாஸ்காரின் முதன்மைத் தொடர்) கார் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வந்து பிரேக் பிடிப்பதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சுமார் 1,500 கிலோ வண்டி. பிரேக் போடும்போது சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) கிடையாது. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் லேசாக ஆடி, ஓட்டுநர் அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. இருபுறமும் அந்த வெளிர்நீல இரும்புத் தடுப்பு. ஜூனில் காரின் வேகத்தைப் பார்த்தேன் என்றால், ஆகஸ்டில் மனிதன் காரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன்.

அன்று ஜெயித்தவர் நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன், இரண்டாவதாக வந்த கிறிஸ்டோஃபர் பெல்லைவிட 11 விநாடிக்கு மேல் முன்னால். மற்ற பெரும்பாலோர் இடது காலால் பிரேக் போடுகிறார்கள். இவர் வலது காலால் பிரேக்கை மிதித்து, அதே காலின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, கிளட்ச் போட்டுக் கியர் இறக்குகிறார். 2025-ல் மெக்சிகோ சிட்டி, சிகாகோ, சொனோமா, வாட்கின்ஸ் க்ளென், சார்லட் ரோவல் என்று ஐந்து வெற்றி, ஐந்தும் ரோடு கோர்ஸ்தான்.

உடனே ஒருவர் கேட்டார், வெளியிலிருந்து வந்தவர் இப்படி ஜெயிக்கிறார் என்றால் நாஸ்கார்காரர்களுக்கு ரோடு கோர்ஸ் ஓட்டத் தெரியாது என்றுதானே அர்த்தம்? இல்லை. இப்படி வெளியிலிருந்து வந்த டான் கர்னி 1960-களில் கலிபோர்னியாவின் ரிவர்சைட் ரோடு கோர்ஸில் ஐந்து முறை ஜெயித்தார், 1973-ல் அதே இடத்தில் மார்க் டோனஹியூ ஜெயித்தார். அதற்குப் பிறகு ரோடு கோர்ஸுக்கென்று வெளியிலிருந்து வந்து ஓட்டியவர்களில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருந்தும், 2023-ல் வான் கிஸ்பெர்கன் சிகாகோவில் ஜெயிக்கும்வரை ஒருவராலும் முடியவில்லை. ரான் ஃபெலோஸ் வாட்கின்ஸ் க்ளென்னில் இரண்டு முறை இரண்டாவதாக வந்தார், அவ்வளவுதான். இம்சா சாம்பியன் ஜோர்டான் டெய்லர் 2023-ல் ஆஸ்டினில் முதல் கப் பந்தயத்திலேயே தகுதிச் சுற்றில் நான்காவதாக வந்து, 24-வதாக முடித்தார். தனியாக ஒரு சுற்று வேகமாக ஓட்டுவது ஒன்று. மஞ்சள் கொடிக்குப் பிறகு இரண்டு வரிசையாக மறுபடி கிளம்பி, முதல் வளைவில் ஐந்து கார் அகலத்துக்கு இறங்கி, இடித்துக்கொள்ளும் கார்களுக்கு நடுவே இடத்தைக் காப்பாற்றிக்கொள்வது வேறு வித்தை.

காரும் மாறிவிட்டது. 2022-ல் வந்த நெக்ஸ்ட் ஜென் காரில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், ஐந்து கியர் சீக்வென்ஷியல் (ஒவ்வொன்றாக வரிசையில் மாற்றுவது), ஒற்றை நட்டு 18 அங்குல அலுமினியச் சக்கரம். ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் நிறைய நெருங்கி வந்துவிட்டது. 1976-ல் பிரான்ஸின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போன இரண்டு ஸ்டாக் கார்களும் பந்தயத்தை முடிக்கவில்லை, 2023-ல் ஜிம்மி ஜான்சன், ஜென்சன் பட்டன், மைக் ராக்கன்ஃபெல்லர் ஓட்டிய நெக்ஸ்ட் ஜென் வகைக் கமாரோ 24 மணி நேரமும் ஓடி 285 சுற்று முடித்து 39-வதாக வந்தது. கானர் ஸிலிச்சைப் பாருங்கள்: 17 வயதில் 2024 டேடோனா 24 மணி நேரத்தில் எல்எம்பி2 பிரிவில் வெற்றி, அதே ஆண்டு வாட்கின்ஸ் க்ளென்னில் தன் முதல் எக்ஸ்ஃபினிட்டி (நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடர்) பந்தயத்திலேயே வெற்றி. அந்தப் பையனுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

நவம்பர் கூட்டத்தில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பற்றிப் பேசினோம். 2009 லெமான்ஸில் தொடக்கத்துக்கு முன் தோள்பட்டை விலகி ஓட்ட முடியாமல் போனவர், 2010-ல் மார்ட்டின்ஸ்வில் ஓவலில் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டி 13-வதாக வந்தார், அந்த ஆண்டு டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று பேசிய அக்காவுக்கு நன்றி, பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

ஒரு குறை. ஒவ்வொரு ஸ்டேஜும் (பந்தயத்தின் ஒரு பகுதி) முடிந்ததும் மஞ்சள் கொடி காட்டி எல்லோரையும் மெதுவாக ஓடவைத்து ஒன்றுசேர்ப்பதை நாஸ்கார் 2023-ல் ரோடு கோர்ஸ்களில் நிறுத்திப் பார்த்தது, அப்புறம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பிட் கணக்கு சூடுபிடிக்கும் நேரத்தில் அது எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

2026-க்கு இரண்டு பயணமும் வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ரோடு கோர்ஸ்களில் கப் இன்ஜின் 670-லிருந்து 750 குதிரைத்திறனுக்கு ஏறுகிறது, அதனால் டயரைக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டமாகும், பார்க்க இன்னும் நன்றாக இருக்கும். கவனிக்க வேண்டியது தேதி: வாட்கின்ஸ் க்ளென் கப் பந்தயம் இந்த முறை மே 10, அன்னையர் தினம். ஊரிலிருந்து அம்மா வந்திருப்பவர்கள் அவர்களையும் கூட்டி வாருங்கள், நிழலான இருக்கையாகப் பார்த்து எடுக்கிறோம். மே மாதம் அங்கே இரவில் நல்ல குளிர், கூடாரத்தில் தங்குபவர்கள் கம்பளியோடு வரவும். இம்சா ஆறு மணி நேரம் வழக்கம்போல ஜூன் கடைசியில். இரண்டுக்கும் பெயர் கொடுப்பவர்கள் பிப்ரவரி 15-க்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள், வேன் எத்தனை என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்