ஜான் சீனா தட்டியது சரிதான்

அன்புள்ள கண்ணா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மல்யுத்த வீரர் ஜான் சீனா கடைசி ஆட்டத்தில் தட்டி, அதாவது கையால் தட்டிச் சரணடைந்து, தோற்றது அநியாயம் என்கிறாய். ஆட்டங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போட அந்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்ஸர் யார் என்கிறாய். வர்ணனையாளர் ஜிம் ராஸுக்கு வயதாகிவிட்டது, மைக்கை வைத்துவிட்டுப் போகட்டும் என்கிறாய். எழுபது தாண்டியும் ரிங்கில் இறங்கிய ரிக் ஃப்ளேரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது என்கிறாய். அறை நண்பர்களோடு போட்ட நாலு சண்டையையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாய். ஆனால் நாலும் வேறு வேறு சண்டை. ஒன்றுக்கான படியை வைத்து இன்னொன்றை அளந்தால் கணக்கு உதைக்கும்.

சீனாவிலிருந்து தொடங்குகிறேன். 2025 டிசம்பர் 13, வாஷிங்டனின் கேபிடல் ஒன் அரங்கம். எதிரே ஆஸ்திரியாக்காரர் குந்தர். சீனாவுக்கு 48 வயது. கழுத்தை இறுக்கும் ஸ்லீப்பர் பிடியில் மாட்டி, விடுபட முடியாமல், கடைசியில் ஒரு சிரிப்புச் சிரித்துத் தட்டிவிட்டார். 'விட்டுக்கொடுக்காதே' என்று இத்தனை வருஷம் சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டவர் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அரங்கம் கூச்சல் போட்டது. ஆனால் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் இந்தத் தொழிலில் ரொம்ப நாள் வழக்கம் ஒன்று உண்டு: போகிறவர் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும். அவர் ஜெயித்துவிட்டுப் போனால் அந்த வெற்றி அடுத்த வாரம் யாருக்கும் உதவாது. தோற்றால், எதிராளியை இன்னும் பல வருஷம் 'சீனாவைத் தட்ட வைத்தவர்' என்று சொல்லி டிக்கெட் விற்கலாம். தோள் தரையில் அழுந்த, நடுவர் மூன்று எண்ணித் தோற்றிருந்தாலாவது கால் வழுக்கியது, நடுவர் அவசரப்பட்டார் என்று சாக்குச் சொல்ல இடம் இருக்கும். தட்டுவதில் சாக்கே கிடையாது. தன்னிடம் இருந்ததிலேயே விலை கூடிய பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே வருஷம் ஜூலை 12, அட்லாண்டாவில் 58 வயது கோல்ட்பர்க்கும் இதே குந்தரிடம்தான் தோற்று விடைபெற்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும். என் கணக்கில் சீனா செய்தது சரி.

இனி வயது. ஓர் ஆட்டக்காரரைக் கிழவர் என்று சொல்லுமுன் 'பம்ப்' எப்படி எடுக்கிறார்கள், அதாவது எப்படி விழுகிறார்கள், என்று யோசித்துப் பார். மல்லாக்க விழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை முதலில் படும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விழ வேண்டும். வால் எலும்பில் விழாமல், மேல்முதுகின் அகலமான பகுதி முழுதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும். நீ கேட்கும் 'தடார்' சத்தத்தில் பாதி அந்த அறைதான். கீழே இருப்பது மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதற்குமேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ். எல்லாம் செட்டப்புடா என்று உன் நண்பன் சொல்வான். முடிவு செட்டப், சரி. பலகை செட்டப் இல்லை.

வருஷக்கணக்கில் இப்படி விழுந்தவருக்குக் கழுத்தும் முழங்காலும் போகும், தம்மும் போகும், சீக்கிரமே மூச்சு வாங்கும். ஜப்பானின் கெய்ஜி முட்டோ மூன்றாம் கயிற்றிலிருந்து பின்பக்கமாகச் சுழன்று பாயும் மூன்சால்ட்டுக்குப் பெயர் வாங்கியவர். அந்தப் பாய்ச்சலில் எதிராளியின் மேல் நெஞ்சு விழுவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். முழங்கால்கள் தரையில் மோதுவதை யாரும் கவனிப்பதில்லை. 2018-ல் இரண்டு முழங்காலிலும் செயற்கை மூட்டு வைத்தார்கள். 2023-ல் 60 வயதில் டோக்கியோ டோமில் ஓய்வு பெற்றார்.

ஆனால் மூன்றில் தம் போவதுதான் ரொம்ப ஆபத்து. கழுத்தும் காலும் போனால் அவருக்கு மட்டும் கஷ்டம். தம் போனால் நேரம் தவறும், நேரம் தவறினால் எதிரில் இருப்பவருக்கு அடிபடும். 2019 ஜூன் 7, ஜெத்தாவில் நடந்த கோல்ட்பர்க் - அண்டர்டேக்கர் ஆட்டத்தை அதற்காகவே பார்க்க வேண்டும். திறந்தவெளி அரங்கம், கடும் புழுக்கம். ஒருவருக்கு 52 வயது, இன்னொருவருக்கு 54. மூலைக்குப் பாய்ந்த கோல்ட்பர்க்கின் தலை கம்பத்தில் இடித்தது. நெற்றியில் ரத்தம், அதற்கப்புறம் அவர் நிதானத்திலேயே இல்லை. பிறகு எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி அடிக்கும் ஜாக்ஹாமர் போட முயன்றார். அந்த வீச்சில் தூக்குகிறவர் பலம் பாதிதான். தூக்கப்படுகிறவர் சரியான கணத்தில் எகிறிக் கொடுக்க வேண்டும், உடம்பு நேர்குத்தாக நின்ற பிறகு தூக்கியவர் தன் இடுப்பைத் திருப்பி, அவர் முதுகு தரையில் படும்படி இறக்க வேண்டும். அன்றைக்கு உடம்பு நேர்குத்தாக நிற்கவே இல்லை. பாதியில் சரிந்தது, அண்டர்டேக்கரின் தலையும் கழுத்தும் முதலில் தரையைத் தொட்டன. அடுத்து, தலைகீழாகப் பிடித்து இறக்கும் டூம்ஸ்டோனுக்கு முயன்று இருவருமே சரிந்து விழுந்தார்கள். அவசரமாக, கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடிக்கும் சோக்ஸ்லாம் ஒன்றைப் போட்டு முடித்தார்கள். ரசிகர்கள் சிரித்தார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் இந்த பைல்டிரைவர் வகை வீச்சுகளில் இன்னும் நுணுக்கம் உண்டு. டூம்ஸ்டோனில் போடுகிறவர் மண்டியிட்டு இறங்குவார். தலைகீழாகத் தொங்குகிறவரின் தலை அவர் முழங்காலுக்கு மேலேயே தொடைகளுக்கு நடுவில் இருந்தால், தரையில் படுவது முழங்கால்தான். மண்டியிடாமல் உட்கார்ந்தபடி விழுந்தால், உட்காரும் இடத்துக்குக் கீழே தலை தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. 1997 ஆகஸ்ட் 3 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் உட்கார்ந்து இறங்கியபோது ஸ்டீவ் ஆஸ்டினின் தலை கீழே நீட்டிக்கொண்டிருந்தது. சில அங்குல வித்தியாசம்தான். ஆஸ்டினின் கைகால் கொஞ்ச நேரம் மரத்தே போயிற்று. அந்தக் கழுத்துதான் 2003-ல் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

வயதானவரை வைத்து ஆட்டம் கட்டவே முடியாதா என்றால், முடியும். அதே ஆஸ்டின் 2022 ஏப்ரலில் 57 வயதில் டெக்சாஸில் கெவின் ஓவன்ஸோடு மோதினார். விதியில்லா ஆட்டம் என்று வைத்ததால் கூட்டத்துக்குள் நடந்து, மேசையில் சாய்ந்து, பெரும்பாலும் குத்தும் உதையுமாகவே ஓட்டிவிட்டார்கள். அவர் ஓட வேண்டிய இடத்தையெல்லாம் நடக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள்.

எனக்குப் பிடித்த பாடம் ஸ்டிங். 2015 செப்டம்பரில் செத் ராலின்ஸோடு ஆடியபோது கழுத்தில் அடிபட்டு, 2016-ல் ஓய்வை அறிவித்தவர். 2020 டிசம்பரில் ஏ.இ.டபிள்யூ என்ற வேறொரு மல்யுத்த நிறுவனத்துக்கு வந்தார். அங்கே முதல் ஆட்டமே படம்போல எடுத்துத் தொகுத்தது. அதற்குப் பின்னும் தனியாக ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை, எப்போதும் பக்கத்தில் ஒரு கூட்டாளி. கடைசி ஆட்டம் 2024 மார்ச் 3, கிரீன்ஸ்போரோ. வயது 64. எதிரே யங் பக்ஸ் என்ற சகோதர ஜோடி. கூட்டாளிகள் மாறி மாறி இறங்கும் விதி இல்லாமல் நால்வரும் ஒரே நேரத்தில் மோதும் டொர்னாடோ ஆட்டம் என்பதால், ஸ்டிங் ஓரமாகக் கிடந்து மூச்சு வாங்கினாலும் யாருக்கும் உறுத்தாது. ஏணி மேலிருந்து குதித்துக் கண்ணாடிப் பலகையில் விழுந்து முதுகைக் கிழித்துக்கொண்டது கூட்டாளி டார்பி ஆலின். ஸ்டிங்குக்கு விட்டுவைத்தது பெரும்பாலும் அவர் நாற்பது வருஷமாகச் செய்கிற அசைவுகள், கடைசியில் ஸ்கார்பியன் டெத்லாக் என்ற கால் பூட்டு. போகிறவர் தோற்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, இவர் ஜெயித்துவிட்டுப் போனார். வழக்கத்துக்கு விலக்கும் உண்டு, அதை அந்தக் கூட்டத்தின் முகமே சொல்லிவிட்டது.

ஃப்ளேரைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. 2008 மார்ச் 30, ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றுப் பெற்ற விடை போதுமானது. 2022 ஜூலை 31, நாஷ்வில்லில் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்த 73 வயது உடம்போடு, ரத்தம் வழிய ஆடினார். ஆட்டத்தின் நடுவே நினைவு தப்பியதாக அவரே பிறகு சொன்னார். அதுவும் கூட்டாளியோடு ஆடியதுதான், ஆனால் கூட்டாளி இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. முடிக்க வேண்டியது அவர்தான் என்று கட்டிவிட்டால் நினைவில்லாத மனிதரைக் கொண்டுதான் முடிக்க வேண்டிவரும்.

இப்போது மெல்ட்ஸர். நட்சத்திரம் போடும் பழக்கத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜிம் கார்னெட்டும் நண்பர் ஒருவரும் தங்களுக்குள் வைத்திருந்த முறையை எடுத்துத் தன் செய்திமடலில் பரப்பினார். ஐந்துதான் உச்சம். ஆனால் 2017 ஜனவரியில் ஒகாடா - கென்னி ஒமேகா ஆட்டத்துக்கு ஆறு கொடுத்தார், அந்த ஜூனில் ஒரு மணி நேரம் ஆடிச் சமனான ஆட்டத்துக்கு ஆறேகால், 2018 ஜூனில் ஏழு. படி உடைந்துவிட்டது என்று நீ சொல்வது நியாயம். ஆனால் அவருடைய வேலை நட்சத்திரம் மட்டும் இல்லை. 1987 ரெஸில்மேனியாவில் போன்டியாக் அரங்கத்துக்கு 93,173 பேர் வந்ததாக அதை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ நிறுவனம் இன்றுவரை சொல்கிறது. 78,000 அளவில்தான் என்று எதிர்த்து எழுதியவர் அவர். நிறுவனம் சொல்வதையே வரலாறாக எழுதும் தொழிலில் கணக்கு கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

நட்சத்திரத்தில் எனக்குள்ள குறை வேறு. நம்மூர்ப் பிள்ளைகள் ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, பைசெப்ஸ் என்று எண்ணைச் சொல்லிச் சீட்டைப் பிடுங்குவார்களே, அதைப்போல ஆகிவிட்டது உங்கள் வாதம். அந்த எண்ணில் உடம்புக்கு ஆன செலவு வராது. 1983-ல் டைகர் மாஸ்க்கும் டைனமைட் கிட்டும் ஆடிய ஆட்டம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இன்று பார்த்தாலும் அந்த வேகம் மலைக்க வைக்கும். அந்த டைனமைட் கிட் நாற்பது வயதுக்குள் சக்கர நாற்காலிக்குப் போனார், 2018-ல் தன் அறுபதாம் பிறந்தநாளன்று இறந்தார். ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா தொண்ணூறுகளில் கழுத்திலும் பிடரியிலும் வாங்கிய வீச்சுகளுக்கு எத்தனையோ ஐந்து நட்சத்திரம். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில் பின்னாலிருந்து தூக்கி மல்லாக்க அடிக்கும் சாதாரண பேக் சூப்ளெக்ஸ் ஒன்றை வாங்கி எழவே இல்லை. 46 வயது. அந்த ஒரு வீச்சு அவரைக் கொன்றது என்று நான் நினைக்கவில்லை, அதற்கு முந்தைய இருபத்தைந்து வருஷமும் சேர்ந்தது அது. நீ நட்சத்திரம் போடுவதானால் போடு. பக்கத்திலேயே தலையும் கழுத்தும் எத்தனை தடவை தரையில் பட்டன என்றும் எண்ணி எழுது.

ராஸ் விஷயத்தில் உன்னோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பெயரை மறக்கிறார், அசைவின் பெயரை மாற்றிச் சொல்கிறார், உண்மை. ஆனால் வர்ணனையாளரின் வேலை அசைவுக்குப் பெயர் சொல்வதோடு முடிவதில்லை. எந்த இடத்தில் வலி, அதனால் அவரால் இனி எதைச் செய்ய முடியாது, இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். காதில் தயாரிப்பாளர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார், அதைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல வேண்டும். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற ஆட்டக்காரரை அண்டர்டேக்கர் வீச, அவர் வர்ணனையாளர் மேசையை உடைத்துக்கொண்டு விழுந்தார். ராஸ் கடவுளைச் சாட்சிக்கு அழைத்து, இவன் உடம்பு இரண்டாக முறிந்துவிட்டது என்று கத்தினார். அந்தக் குரலை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் பாதிதான் மிஞ்சும்.

வயதும் வர்ணனையும் ஒரே மேசையில் மோதிய இரவு ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் 10, மான்ட்ரியல். 62 வயது ஜெரி லாலர் முதலில் ரிங்கில் இறங்கி ஆடினார், பிறகு வந்து மைக்கில் உட்கார்ந்தார், நேரலையிலேயே மாரடைப்பு வந்து சரிந்தார். ரிங்கில் ஆட்டம் நின்றுவிடவில்லை. பக்கத்தில் இருந்த மைக்கேல் கோல் வர்ணனையை நிறுத்தினார். மீதி ஆட்டங்கள் குரலே இல்லாமல் ஓடின. இடையிடையே மட்டும் வந்து, இது கதை இல்லை, உண்மை என்று சொல்லி, மருத்துவர்கள் சொன்னதைத் தாழ்ந்த குரலில் அறிவித்தார். நிறுவனம் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவர் என்று பல வருஷம் திட்டு வாங்கியவர் அவர். எங்கே பேசக் கூடாது என்று தெரிந்திருந்தது பார்.

இந்த ஞாயிறு உனக்கு நேரம் இருந்தால் அந்த கிரீன்ஸ்போரோ ஆட்டத்தை நண்பர்களோடு இரண்டு தடவை போட்டுப் பார். முதல் தடவை சத்தத்தோடு. இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு ஸ்டிங்கின் பாதத்தை மட்டும் பார்: எப்போது நிற்கிறார், எப்போது கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார், யார் ஓடிவந்து அவர்மேல் மோதுகிறார்கள். நடுவர் யார் பக்கத்தில் குனிகிறார் என்றும் பார், சேதி கடத்துவது அவர்தான். எத்தனை தடவை மல்லாக்க விழுந்தார் என்று எண்ணிக் குறித்து வை. நானும் எண்ணி வைத்திருக்கிறேன். உன் எண்ணிக்கையை எழுதி அனுப்பு, ஒத்துப் பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா