தொடர் நாயகன் எழுதும் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னத்திரையிலும் ஓடிடியிலும் இப்போது நீதிமன்றக் கதைகளுக்கு நல்ல வரவேற்பு. அவற்றில் பார்ப்பவர்கள் அதிகம் கைதட்டுவது, மேலிடத்துக்கு அஞ்சாத, யார் சொல்லியும் வளையாத நீதிபதிக்குத்தான். அப்படி ஒரு நாயகன் வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. ஆனால் துணிச்சல் என்று சொல்லி அந்த நீதிபதி செய்யும் காரியங்களில் பாதி, நிஜத்தில் குற்றவாளி தப்பிப்போக வழி திறந்துவிடும். குற்றவியல் வழக்குகளிலேயே காலம் தள்ளும் வழக்கறிஞர்களான எங்களுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுத்தியல் தட்டும் வழக்கம் இந்திய நீதிமன்றங்களில் கிடையாது, இங்கிலாந்திலும் கிடையாது. கூண்டில் ஏறும் சாட்சி பகவத் கீதையில் கை வைப்பதும் இல்லை. 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது உளமார உறுதி கூறலாம்; நூல் எதுவும் தேவையில்லை. இவையெல்லாம் அலங்காரப் பிழைகள், விட்டுவிடலாம். விட முடியாதவை வேறு.

நாயகன் இரவில் தனியாகச் சம்பவ இடத்துக்குப் போகிறார். தடயம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். மறுநாள் அதை வைத்தே எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) மடக்குகிறார். சம்பவ இடத்தைப் பார்வையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 347-ஆவது பிரிவே அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் இரு தரப்புக்கும் முறையாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். பார்த்ததைத் தாமதமின்றிக் குறிப்பாக எழுதி வழக்குப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அரசு வழக்கறிஞரோ புகார்தாரரோ எதிரியோ கேட்டால் அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பார்வையின் நோக்கம் ஏற்கெனவே வந்த சாட்சியத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது மட்டுமே. தெருவிளக்கடியில் நின்றவரின் முகத்தை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன் என்று சாட்சி சொன்னால், அந்தத் திண்ணையிலிருந்து விளக்குக் கம்பம் தெரிகிறதா என்று பார்க்கலாம். புதிய தடயம் தேடக் கூடாது. தேடி எடுத்தால் நீதிபதியே சாட்சியாகிவிடுகிறார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் வாய்ப்பில்லை. மேல்முறையீட்டு மனுவில் முதல் காரணமாக அதுதான் இடம்பெறும்.

இதற்கு ஒப்பாகப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த புதுச்சேரி, அதற்கு முன் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் இருந்தது. பிரெஞ்சு முறையில் புலனாய்வை நடத்துவதற்கென்றே ஒரு நீதிபதி உண்டு. அவரே தடயம் திரட்டுவார், சாட்சிகளை அழைத்து விசாரிப்பார். ஆனால் தாம் புலனாய்வு செய்த வழக்கில் அவர் தீர்ப்புச் சொல்ல அமர முடியாது. நீதிபதியையே புலனாய்வுக்கு அனுப்பிய சட்டமும் அந்த இரண்டு வேலைகளையும் ஒருவரிடம் கொடுக்கவில்லை.

அடுத்து, கேள்வி கேட்பது. இதில் நிஜ அதிகாரம் தொடர்களில் வருவதைவிடப் பெரியது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 168-ஆவது பிரிவின்படி (பழைய சாட்சியச் சட்டத்தில் 165) நீதிபதி எந்தச் சாட்சியையும், எந்த நேரத்திலும், எந்த வடிவிலும், எந்தச் சங்கதி பற்றியும் கேட்கலாம். அந்தக் கேள்வியை எந்தத் தரப்பும் ஆட்சேபிக்க முடியாது. அவர் கேட்டு வந்த பதிலின்மீது குறுக்கு விசாரணை செய்யவே அவருடைய அனுமதி வேண்டும். ஆனாலும் தீர்ப்பு, வழக்குக்குத் தொடர்புள்ள, முறைப்படி நிரூபிக்கப்பட்ட சங்கதிகளின் மீதே அமைய வேண்டும் என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது.

இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1981-ஆம் ஆண்டின் ராம் சந்தர் எதிர் ஹரியானா அரசு வழக்கைப் பார்க்கலாம். நீதிபதி வெறும் பார்வையாளராகவோ பதிவு இயந்திரமாகவோ இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அழுத்தமாகவே எழுதினார். ஆனால் அந்த வழக்கில் அமர்வு (செஷன்ஸ்) நீதிபதி, முன்பு சொன்னதிலிருந்து மாறிப் பிறழ்ந்த சாட்சிகளைப் பொய்ச்சாட்சி வழக்குப் போடுவேன் என்று மிரட்டி வாக்குமூலம் வாங்கியிருந்தார். அந்தத் தண்டனை நிற்கவில்லை. தொடரில் இதே மிரட்டல் காட்சிக்குத்தான் பின்னணி இசை உச்சத்துக்குப் போகிறது.

தீர்ப்பு நாள் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாதம் முடிந்த அதே நிமிடம், "என் மனசாட்சி சொல்கிறது" என்று தொடங்கித் தண்டனையையும் நீதிபதி அறிவித்துவிடுகிறார். காரணம் சொல்லாமல் முடிவு மட்டும் சொல்ல, பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் ஜூரியால் முடியும். நம் நாட்டில் குற்ற வழக்குகளில் எஞ்சியிருந்த ஜூரியும் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. இங்கே நீதிபதி, முடிவு செய்ய வேண்டிய பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு விடை எழுத வேண்டும். எந்த விடைக்கும் அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) என்றோ சா.பொ.1 (முதல் சான்றுப் பொருள்) என்றோ பதிவேட்டில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். அமர்வு வழக்கில் வாதம் முடிந்து 30 நாளுக்குள் தீர்ப்பு. காரணத்தை எழுதி வைத்து 45 நாள் வரை நீட்டிக்கலாம். குற்றவாளி என்று முடிவானால், எவ்வளவு தண்டனை என்பது பற்றி அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாலும் மேல்முறையீட்டில் சிக்கல்தான்.

விசித்திரமான தண்டனைகளும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. ஆனால் அது சில சிறு குற்றங்களுக்கு மட்டும்: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடித் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர், அவதூறு செய்தவர் போன்றோருக்கு. பாலியல் குற்றவாளியைப் பாதிக்கப்பட்ட பெண்ணின் காலில் விழச் சொல்லி அனுப்புவது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2020-ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், பாலியல் வழக்கில் ஜாமீன் கேட்டவர் புகார் கொடுத்த பெண்ணிடம் போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகார் கொடுத்தவரின் வாசலுக்கு எதிரியை அனுப்புவதைப் பரிவு என்று காட்டும் கதாசிரியர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

பிபிசி 2001 முதல் 2007 வரை ஒளிபரப்பிய 'ஜட்ஜ் ஜான் டீட்' இந்த வகையில் பேர்பெற்ற தொடர். மார்ட்டின் ஷா நடித்த அந்த நீதிபதியின் முன் அவருடைய முன்னாள் காதலியான வழக்கறிஞரே வந்து வாதாடுவார். நல்ல நாடகம்தான். ஆனால் அதே நாட்டில், சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷே வழக்கில், நீதிபதி ஒருவர் அந்த வழக்கில் ஒரு தரப்பாக இருந்த ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பின் அறக்கட்டளை ஒன்றில் இயக்குநராக இருந்ததை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காகப் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. அது 1998 டிசம்பரில் நடந்தது. நம் பார் கவுன்சில் விதிகளும், நெருங்கிய உறவினர் நீதிபதியாக அமர்ந்திருக்கும் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்கின்றன.

அப்படியானால் கலகக்கார நீதிபதிக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தரப்பின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இருந்தால்கூட இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆவது பிரிவு சொல்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தும் நீதிபதியை எத்தனை பேர் பகைப்பார்கள் என்று கற்பனை செய்தாலே பத்து எபிசோடு தேறும். அரசுத் தரப்பு வேண்டுமென்றே கைவிட்ட சாட்சியை 348-ஆவது பிரிவின்கீழ் அவரே அழைக்கலாம். நியாயமான முடிவுக்கு அந்தச் சாட்சி அவசியம் என்றால் அழைத்தே ஆக வேண்டும். வந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டால் அந்தச் சாட்சியத்தை எளிதில் அசைக்க முடியாது.

நிஜ மனிதர்களும் இருக்கிறார்கள். நம் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993-ல் நடந்த ராஜாகண்ணு காவல் மரண வழக்கில் ஆட்கொணர்வு மனுவை நடத்திய வழக்கறிஞர் சந்துரு, பின்னர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். முன்னே செங்கோலோடு டவாலி (நீதிமன்ற ஊழியர்) வர வேண்டாம் என்றார், 'மை லார்ட்' வேண்டாம் என்றார். மரபை உடைத்தார், நடைமுறையை உடைக்கவில்லை.

தொடர் பார்த்துவிட்டு நீதிபதியின் அறைக்கே போய் முறையிடலாம் என்று வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கில் இருப்பவர் நீதிபதியைத் தனியே சந்திக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை மனுவாகத் திறந்த நீதிமன்றத்தில் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் சொந்த வழக்கறிஞர் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். எதிரி விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

கதை எழுதுபவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: ஒரு வாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வாருங்கள். மூடிய அறையில் நடக்கும் பாலியல் வழக்கு போன்றவை தவிர, குற்ற விசாரணை எல்லாருக்கும் திறந்ததே. கைப்பேசியை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரலாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். கூப்பிட்ட பெயருக்கு யாரும் வராமல் பிடிவாரண்டு பிறப்பதையும், ஒரு நல்ல குறுக்கு விசாரணையில் சாட்சியின் குரல் மாறுவதையும் அங்கே பார்க்கலாம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.