18 என்ற எண்ணும் 470 யார்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் இளம் குவாட்டர்பேக்குகளைக் கணிக்க அறிவுத்திறன் சோதனைகளே நல்ல வழி என்று எழுதியிருந்தீர்கள். நான் ஹூஸ்டனில் 16 வருடமாக இருக்கிறேன். மகன் பள்ளி அணியில் குவாட்டர்பேக். அவனால்தான் இந்த ஆட்டமே எனக்குப் பழக்கம். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

2023இல் டிராஃப்ட் நெருங்கிய சமயத்தில் எஸ்2 என்ற கணினி அறிவுத்திறன் சோதனையின் மதிப்பெண்கள் கசிந்தன. இரண்டு குவாட்டர்பேக்குகளில் பிரைஸ் யங்குக்கு 98, சி.ஜே. ஸ்ட்ரவுட்டுக்கு 18 என்று செய்தி வந்தது. நூற்றுக்கு 18 என்று நினைத்துவிட வேண்டாம். சோதனை எழுதியவர்களில் 18 சதவீதம் பேரைத்தான் முந்தினார் என்று அதற்குப் பொருள். ஸ்ட்ரவுட்டுக்கு அப்போது 21 வயது. பெற்ற பிள்ளையின் ரிப்போர்ட் கார்டை ஊரெல்லாம் ஒட்டினால் எப்படியிருக்கும்?

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2022 டிசம்பர் 31 இரவு, ஸ்ட்ரவுட் ஜார்ஜியா கல்லூரி அணிக்கு எதிராக ஆடியதை எல்லோரும்தான் பார்த்தோம். எறிந்தே 348 யார்டு முன்னேற்றம், 4 டச் டவுன் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது); இண்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்துக்கொண்ட எறி, ஒன்றுகூட இல்லை. அவருடைய கல்லூரி அணியான ஒஹையோ ஸ்டேட் 42-41 என்று தோற்றது. ஆனால் கல்லூரி ஆட்டத்தில் அன்றைய சாம்பியனை எதிர்த்து அவர் எறிந்த எறி அது.

வீட்டுப் பின்புறத்தில் மகன் பயிற்சி செய்யும்போது நான்தான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சொல்வதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். என்னைத் தவிர யாரும் இல்லாத புல்தரையிலேயே அவன் சில நாள் தடுமாறுவான். 120 கிலோ ஆட்கள் பாய்ந்து வரும்போது அந்த மூன்று விநாடியில் ஒரு குவாட்டர்பேக் என்ன செய்கிறார் என்பதை ஆட்டத்தில் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது?

சரி, எங்கள் ஹூஸ்டன் அணியான டெக்சன்ஸ் அந்த டிராஃப்டின் இரண்டாவது தேர்வாக ஸ்ட்ரவுட்டை எடுத்தார்கள். அந்த வருடம் நவம்பர் 5, டாம்பா பே அணியுடன் ஆட்டம். நானும் மகனும் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தோம். உதைப்பவருக்குக் காயம் பட்டு, ஓடுகிற வீரர் ஒருவர் வந்து மூன்று புள்ளிக்கான ஃபீல்டு கோல் உதைத்த ஆட்டம் அது. கடைசி 46 விநாடி, 4 புள்ளி பின்தங்கியிருக்கிறோம், 75 யார்டு போக வேண்டும். 6 விநாடி மிச்சமிருக்கும்போது எங்கள் வீரர் டேங்க் டெல் கையில் பந்து சேர்ந்தது, டச் டவுன். 39-37 என்று வென்றோம். அன்று மட்டும் 470 யார்டு. முதல் வருட வீரர் யாரும் அதற்கு முன் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எறிந்ததில்லை. எனக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லை.

யங்கைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த வருடம் 2 ஆட்டம் மட்டுமே வென்ற அணியில் போய் மாட்டிக்கொண்டார், பாவம். ஸ்ட்ரவுட்டும் இரண்டாம் வருடம் 12 இண்டர்செப்ஷன் கொடுத்தார். அதையும் ஆட்டத்தை வைத்தே பேசுவோம்.

அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் பற்றி எழுதும்போது கசிந்த மதிப்பெண்களைத் தயவுசெய்து அச்சிடாதீர்கள். யார் யாரை எதிர்த்து ஆடினார், எப்படி எறிந்தார் என்று எழுதுங்கள். என் மகன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை விடமாட்டான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹூஸ்டன்