ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் போகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய மோசடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஓடிபி, போலி லிங்க் எல்லாம் தெளிவாக வந்திருந்தன. வெளியிலிருந்து அனுமதியில்லாமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும், வீட்டுக் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் நடப்பது இதுதான். பிரிண்டர் ஓடவில்லை, ஏதோ சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்று ஆளைக் கூப்பிடுகிறார்கள். வருகிறவர் எடுத்த எடுப்பில் ஃபயர்வாலை ஆஃப் செய்கிறார். வேலை முடிந்ததும் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திரும்ப ஆன் செய்வதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிவதும் இல்லை. அந்த ஒரு புரோகிராமை மட்டும் அனுமதிக்க 'அலோ ஆன் ஆப் த்ரூ ஃபயர்வால்' என்ற வசதி விண்டோஸிலேயே இருக்கும்போது, மொத்தத்தையும் அணைப்பது பொறுப்பில்லாத வேலை.

இது சின்ன விஷயம் இல்லை. விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பி வந்த புதிதில் அதன் ஃபயர்வால் ஆஃப் நிலையில்தான் இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம், அதாவது தானாகவே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பரவும் கெட்ட புரோகிராம், பரவியது. நாம் மெயிலைத் திறக்கவோ எதையும் கிளிக் செய்யவோ தேவையே இல்லை. நெட்டில் இணைந்திருந்தாலே போதும், 135-ஆம் போர்ட் (நெட் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக உள்ளே வந்துவிடும். 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணையப்போகிறது என்று திரையில் எண்கள் இறங்கும். அடுத்த ஆண்டு எக்ஸ்பிக்கு வந்த 'சர்வீஸ் பேக் 2' என்ற அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலைத் தானாகவே ஆன் ஆக்கியது. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வார்மும் ஆள் எதையும் தொடாமலே, 445-ஆம் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது.

ரூட்டர் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். வெளியிலிருந்து வருவதை அது பெரும்பாலும் தடுக்கும், சரி. ஆனால் அதே வைஃபையில் வைரஸ் பிடித்த இன்னொரு லேப்டாப் இருந்தால்? ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபையில் பிள்ளைகள் இணையும்போது? அங்கே நம் கம்ப்யூட்டரின் ஃபயர்வால்தான் துணை. அந்த இடங்களில் நெட்வொர்க் வகையை 'பப்ளிக்' (பொது இடம்) என்றே வைக்க வேண்டும்.

ஃபயர்வால் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்பவன் சொல்லி நம் கம்ப்யூட்டரை வேறு இடத்திலிருந்து இயக்க உதவும் ஒரு ரிமோட் ஆப்பை நாமே இறக்கி அனுமதி கொடுத்தால், ஃபயர்வாலால் ஒன்றும் செய்ய முடியாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து ஃபயர்வால் பகுதியில் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று நெட்வொர்க் வகைக்கும் ஆன் என்று இருக்கிறதா எனப் பார்ப்பது எப்படி என்று, திரைப் படங்களோடு ஒரு பக்கம் வெளியிடுங்கள். ஒரு புரோகிராமை அனுமதிக்கலாமா என்று ஃபயர்வால் ஆங்கிலத்தில் கேட்கும் எச்சரிக்கைப் பெட்டியைக் கண்டு பயந்து 'அலோ'வை அழுத்தும் பெரியவர்களுக்காகவே கேட்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்